வேலையா, படிப்பா? ஆவடி, அம்பத்தூரிலிருந்து ஒரு பழகுநர் வரலாறு

போன ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், பட்டாபிராமில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு ஒரு தங்கை வந்தாள். +2 முடித்தவள். அப்பா பெயின்டர், அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி நடத்திய தேர்வில் பாஸாகி, அவர்கள் அனுப்பிய கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். முதலில் பயிற்சி, பிறகு சம்பளம், வேலை பார்த்துக்கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தில் டிகிரி. நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்: "அக்கா, இது வேலையா, படிப்பா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சமூகவியலில் முதுகலை முடித்து, பத்து வருடத்துக்கு மேல் இந்தப் பகுதியில் வேலை செய்கிறேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நானே உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. படித்ததில் முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடே கிடையாது என்று நாமே மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலையைப் பொறுத்தவரை அது சரி. பயிற்சி இடங்களைப் பொறுத்தவரை அது தவறு. 1973லிருந்து சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது. நாம் கேட்கவில்லை.

அப்பனிடம் கற்ற தொழில்

பழகுநர் என்றால் ஒரு தொழிலைச் செய்துகொண்டே கற்றுக்கொள்பவர். இந்த நாட்டில் பல நூற்றாண்டுகளாக அந்தக் கற்றல் சாதிக்குள்தான் நடந்தது. கொல்லன் மகன் உலைக்குப் போனான். நம் பிள்ளைகள் பறைக்கும் செத்த மாட்டுக்கும் பண்ணையார் வயலுக்கும் போனார்கள். யாரிடம் எதைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது.

1953இல் ராஜாஜி ஆட்சி இதையே பள்ளிக்கூடத் திட்டமாக்கியது. கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்து திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் 'வேலை செய்துகொண்டே படி' என்று யார் சொன்னாலும் நமக்கு முதலில் சந்தேகம் வருவதற்கு இந்த வரலாறுதான் காரணம். அந்தச் சந்தேகம் நியாயமானது. 2024 நவம்பரில் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியதும், குடும்பத் தொழிலை நிபந்தனையாக வைத்திருந்த காரணத்தால்தான்.

இன்னொரு வகைப் பயிற்சியும் இருக்கிறது. அதில் அப்பாவின் இடத்தில் ஓர் இயந்திரம் இருக்கும். லேத் ஓட்டக் கற்றுக்கொள்ள எந்தக் குலமும் தேவையில்லை. இந்தப் பயிற்சியில் நமக்கு இடம் வேண்டும் என்று கேட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1942 அக்டோபரில் வைஸ்ராயிடம் அவர் கொடுத்த பட்டியல் சாதிகளின் குறைகள் பற்றிய மனுவில், அரசுப் பணி, கல்வி உதவித்தொகை ஆகியவற்றோடு தொழில்நுட்பப் பயிற்சிக்கு வசதி இல்லாததும் தனிக் குறையாக இருந்தது. அப்போது அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். 1945 ஜூலையில், அவர் பொறுப்பிலிருந்த அதே துறையின் கீழ்தான் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகம் அமைக்கப்பட்டது. போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்காகத் தொடங்கிய அந்த அமைப்பின் வழிவந்த இயக்குநரகம்தான் பின்னாளில் ஐ.டி.ஐ.க்களையும் பழகுநர் பயிற்சியையும் பார்த்துக்கொண்டது.

டேங்க் ஃபேக்டரியும் எஸ்டேட்டும்

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நம் ஆவடியில் நடந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. தீர்மானம் என்ன ஆனதோ, தொழிற்சாலைகள் வந்தன. டி.ஐ. சைக்கிள்ஸ் அதற்கு முன்பே, 1949லேயே தொடங்கப்பட்டிருந்தது. 1961இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. அதே காலத்தில் படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இன்றைக்கும் நம் ஆட்கள் 'எஸ்டேட்' என்றாலே அதுதான்.

இந்த நிலம் எந்த மாவட்டத்து நிலம் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஆணை நம்மிடம் இருந்தது, நிலம் போய்விட்டது. 1994 அக்டோபர் 10இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். சட்டத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் வேறு வேறு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நிலம் இல்லாதவர்களுக்குத் தொழிற்சாலை என்ன கொடுத்தது? பொதுத்துறையும் பாதுகாப்புத் தொழிற்சாலைகளும் ஒரு வழியைத் திறந்தன. ஐ.டி.ஐ. முடித்து, ஃபிட்டராக, டர்னராக, வெல்டராகப் பழகுநர் பயிற்சி எடுத்து, அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, சான்றிதழோடு உள்ளே போகலாம். அங்கே வேலைக்கும் இடஒதுக்கீடு இருந்தது. ஆவடியிலும் திருமுல்லைவாயலிலும் நம் தெருக்களில் முதல் மாடிவீடு கட்டியவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் 'டேங்க் ஃபேக்டரியில இருந்தாரு', 'ஐ.சி.எஃப்.ல இருந்தாரு' என்றுதான் பதில் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் கல்லூரிக்குப் போனார்கள்.

1961இல் ஒரு சட்டம், 1973இல் ஒரு பிரிவு

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 1962 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவைப் படித்தால் அந்தத் தங்கையின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. அதனால் தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயமும் முதலாளிக்கு இல்லை என்று 22ஆம் பிரிவு சொன்னது. 1995இல் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. தகராறு என்றால் பழகுநர் ஆலோசகரிடம் போகலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 1973இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி 3ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நியமிக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முதலாளி பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும். எத்தனை இடம் என்பது அந்த மாநிலத்தில் நம் மக்கள்தொகையைப் பொறுத்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். முதலாளி என்று சட்டம் சொல்லும்போது அரசா தனியாரா என்று பிரிக்கவில்லை. 2007 திருத்தம் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் இடம் சேர்த்தது.

இதை ஐம்பது வருடமாக எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

'ஆள் கிடைக்கவில்லை'

கேட்காததற்குக் காரணம் நம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. விதியிலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதியில் ஆள் கிடைக்காவிட்டால் பழங்குடியினரை வைத்து நிரப்பலாம். அங்கேயும் கிடைக்காவிட்டால் யாரை வைத்தும் நிரப்பிக்கொள்ளலாம். 'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்ற வாக்கியத்தை அரசு அலுவலகங்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! தொழிற்சாலைக்குள் அதைச் சரிபார்க்கக்கூட வெளியாள் யாரும் இல்லை.

2004க்குப் பிறகு தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது, சி.ஐ.ஐ.யும் அசோசெமும் சேர்ந்து ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்தன. 2006இல் வந்த அதன் அறிக்கை கட்டாய இடஒதுக்கீட்டை ஏற்கவில்லை. பயிற்சியும் உதவித்தொகையும் தாங்களாகவே தருவதாகச் சொன்னது. பயிற்சி இடங்களை ஒதுக்குவது 33 வருடமாகச் சட்டக் கடமை. கடமையைத் தானம் போலச் சொன்னார்கள், நம்மில் பலர் அதைத் தானம் என்றே நினைத்துக்கொண்டோம்.

மறு வருடம், 2007இல், சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, வேறு வேறு குடும்பப் பெயர்கள். தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் போயின. தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆள் கிடைக்கவில்லையா, ஆளைக் கூப்பிடவில்லையா?

கையும் தலையும்

1973 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. அதுவரை ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்கு இருந்த சட்டத்துக்குள் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் கொண்டுவந்தது. அவர்களுக்கான நிர்வாகம் கல்வி அமைச்சகத்தின் கீழ். தென்னிந்தியாவுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் நம் தரமணியில்தான் இருக்கிறது. ஐ.டி.ஐ. பழகுநர்களுக்குத் தனி நிர்வாகம். இப்படி ஒரே சட்டத்துக்குள் இரண்டு வாசல்கள் உண்டாயின. ஒன்று கையால் வேலை செய்பவருக்கு, மற்றொன்று தலையால் வேலை செய்பவருக்கு.

இந்தப் பிரிவினையில் சாதி எங்கே இருக்கிறது என்பதை அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியான தன் புத்தகத்தில் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து விளக்குகிறார். தொழில்நுட்ப அறிவு ஒரு காலத்தில் கைவினை செய்யும் சாதிகளிடம் இருந்தது. காலனி ஆட்சியில் அது கல்லூரிப் பட்டமாக மாறியபோது, உடலுழைப்பை இழிவாக நினைத்த மேல்சாதிகள் அந்தப் பட்டத்தைக் கைப்பற்றினார்கள். பட்டறைக்குப் போனவர் தொழிலாளி ஆனார். வரைபடம் போட்டவர் இன்ஜினியர் ஆனார், அவரிடம் 'திறமை' இருப்பதாகவும் சொல்லப்பட்டது.

எஸ்டேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஷெட்டுகளாக இருந்த இடங்களின் நடுவே இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். டன்லப் ஃபேக்டரி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். நம் தெருவிலிருந்து அந்தக் கட்டடங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், கேப் டிரைவர். ஐடி கார்டு கழுத்தில் தொங்கும், ஆனால் அதில் கான்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும். அதனால்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வதற்கான பயிற்சி இடம் யாருக்குப் போகிறது என்பது நமக்குப் பெரிய கேள்வி.

பட்டமும் சம்பளமும் சேர்ந்து

வேலையோடு பட்டம் என்பது ஐ.டி. துறைக்குப் புதிதல்ல. விப்ரோ 1995லேயே பி.எஸ்.சி. படித்தவர்களை எடுத்து, பிட்ஸ் பிலானி வழியாக மேற்படிப்பு படிக்க வைத்தது. ஜோஹோ 2005இல் தன் பள்ளியைத் தொடங்கியது. அங்கே கட்டணம் இல்லை, ஊக்கத்தொகை உண்டு, பட்டம் கிடையாது. எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் +2 முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, வேலையில் சேர்த்து, பல்கலைக்கழகப் படிப்பையும் இணைக்கிறது. 2023இல் தாட்கோ இந்தத் திட்டத்துக்கு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதாகவும், செலவைத் தானே ஏற்பதாகவும் மாவட்டம் மாவட்டமாக அறிவித்தது. பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா, அமிட்டி என்று பல்கலைக்கழகப் பெயர்களும் அந்த அறிவிப்பில் இருந்தன.

இதை நான் வரவேற்கிறேன். கடன் வாங்கி, பெயர் தெரியாத இன்ஜினியரிங் காலேஜில் நான்கு வருடம் படித்து, அரியரோடு வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். பதினெட்டு வயதில் வீட்டுக்குச் சம்பளம் வருவது சின்ன விஷயம் இல்லை. அதே நேரம், +2 முடித்த பிள்ளைகளை 'டிரெய்னி' என்று எடுத்த தொழிற்சாலைகளையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006இல் தொடங்கியது. பூந்தமல்லி, ஆவடி பக்கமிருந்தெல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடியபோது, போன் அசெம்பிள் செய்த பெண்களுக்கு அடுத்த இடத்தில் காட்ட ஒரு படிப்புச் சான்றிதழ் இல்லை. அதனால் பட்டம் என்பது இதில் அலங்காரம் இல்லை. கம்பெனி வேண்டாம் என்று சொன்னாலும் நம்மோடு வருவது அது ஒன்றுதான்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அந்த விதிகளின் ஊக்கத்தொகைப் பட்டியலில் 'டிகிரி அப்ரன்டிஸ்' என்ற பெயரே இருக்கிறது. குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று அன்றைக்கு நிர்ணயித்தார்கள். 2025இல் யு.ஜி.சி. பழகுநர் பயிற்சி இணைந்த பட்டப்படிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வரும் வருடங்களில் உங்கள் கலைக்கல்லூரியிலேயே இது வரலாம்.

இங்கேதான் கவனம் தேவை. 3ஏ பிரிவு நியமிக்கப்பட்ட தொழில்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஒன்றிய அரசு அறிவித்த தொழில்களும் பாடத்துறைகளும் அதில் அடங்கும். 2014 திருத்தம் 'விருப்பத் தொழில்' என்ற இன்னொரு வகையை உருவாக்கியது. அது என்ன தொழில் என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். 3ஏ வாசகத்தில் அந்தச் சொல் இல்லை. அதே திருத்தம் சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, குறையும் ஒவ்வொரு பழகுநருக்கும் மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்குப் பின் 1,000 ரூபாய் என்று அபராதமாக்கியது. இன்னொரு பக்கம், கம்பெனி தன் திட்டத்துக்கு 'ஏர்லி கரியர் புரோகிராம்', 'டிரெய்னி', 'இன்டர்ன்' என்று வேறு பெயர் வைத்து, சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவு செய்யாவிட்டால், இடஒதுக்கீட்டுப் பேச்சே எழாது. எச்.சி.எல். தன் டெக்பீயை ஏர்லி கரியர் புரோகிராம் என்றுதான் அழைக்கிறது. பழைய தொழில்களில் நம் இடத்தை 'ஆள் இல்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். புதிய தொழில்களில் அந்த இடம் பெயர் மாற்றத்திலேயே காணாமல் போகலாம்.

2015லிருந்து டிகிரி அப்ரன்டிஸ்ஷிப் நடக்கும் பிரிட்டனிலும் இந்த எச்சரிக்கை உண்டு. அங்கே சட்டன் டிரஸ்ட் செய்த ஆய்வில், ஏழைகளுக்குக் கதவு திறக்கும் என்று சொல்லப்பட்ட திட்டத்தில் வசதி குறைந்த வீட்டு இளைஞர்கள் குறைவாகவே இருந்தார்கள். யாருக்கு என்று எழுதிவைத்துக் கணக்குப் பார்க்காவிட்டால், நல்ல வாய்ப்பு ஏற்கெனவே வாய்ப்பு உள்ளவரிடமே போகும்.

என்ன கேட்க வேண்டும்

கடிதம் கையில் வந்த தம்பி, தங்கைகளுக்கு: இது தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பதிவான ஒப்பந்தமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆமாம் என்றால் பதிவு எண் வாங்குங்கள். 18 வயது நிறையாவிட்டால் ஒப்பந்தத்தில் உங்கள் பாதுகாவலர்தான் கையெழுத்திட வேண்டும். அப்பா அம்மாவுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க விடாதீர்கள். பாண்டு எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அப்போது டிகிரி தொடருமா நிற்குமா என்பதைக் கேளுங்கள்.

அமைப்புகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு: தரமணி வாரியமும் தாட்கோவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நிறுவனங்களில் எத்தனை பழகுநர்கள், அதில் பட்டியல் சாதி எத்தனை, 'ஆள் கிடைக்கவில்லை' என்று வேறு ஆள் நிரப்பிய இடங்கள் எத்தனை? தாட்கோ அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள்? அது நம் மக்களுக்கான பணம். கணக்குக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 3ஏ பிரிவில் விருப்பத் தொழிலையும் சேர்க்க வேண்டும் என்பதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கோரிக்கையாக வைப்போம்.

அந்தத் தங்கையின் கடிதத்தைத் திரும்பப் படித்தோம். அதில் 'டிரெய்னி' என்றுதான் இருந்தது, பழகுநர் என்ற சொல்லே இல்லை. இரண்டு வருடத்துக்குப் பாண்டு. நான்கு கேள்விகளை அவளே இ-மெயிலில் எழுதி அனுப்பினாள். மூன்றுக்குப் பதில் வந்தது. சட்டத்தின் கீழ் பதிவு உண்டா என்ற கேள்விக்கு மட்டும் வரவில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் சேர்ந்தாள். "வேலையாவும் இல்ல, படிப்பாவும் இல்ல, ரெண்டையும் நாமதான் ஆக்கணும் போல இருக்குக்கா" என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகத்துக்கு வந்து, அடுத்த வருடம் தேர்வு எழுதப்போகும் ஆறு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். முதல் வகுப்பில் அவர்களிடம் அந்த நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

ஜெய் பீம்.